சார்ஜன்ட பங்கு

றொகானின் சேட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அந்தப் பொத்தானை நான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டின பெண்சாதியின் முகத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. தொப்பி தலையில் இருக்க வேண்டிய நேரத்தில் தோள்பட்டைக்குள் சொருகியிருக்கும். களிசான் கால் சப்பாத்துக்குள் போகாமல் வெளியே தொங்கும். காலையில் எழுந்ததும் என் கண் இதைத்தான் தேடும். பல் தீட்டுவதற்கு முன்னால் இன்னொருவனின் குறையைத் தேடுகிற மனிதனாக ஆகிப்போனேன். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மூட எனக்கு விருப்பமில்லை.

நான் மக்பூல். ஆமியில் சார்ஜன். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த சனத்தில் ஒருவன். அகதி முகாமில் மூன்று வருஷம் வரிசையில் நின்று அரிசி வாங்கிய பிறகு ஆமியில் சேர்ந்தேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதற்காகவே என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உள்ளே போனால் அங்கே நான் 'நானா'. சோற்றுக்கு நின்றாலும் நானா, காவலுக்கு நின்றாலும் நானா. எங்கள் ஊரில் நானா என்றால் அண்ணன். அங்கே அது முதுகில் தட்டிச் சிரிப்பதற்கு வைத்த பெயர். அதைக் கழற்றி எறிந்துவிட்டு 'சார்ஜன்' என்று கூப்பிட வைக்க எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தது பாஷை. யுத்தம் முடிந்து ஐந்தாவது வருஷம் எங்கள் காம்ப் கற்பிட்டி றோட்டில், பள்ளிவாசல்துறைக்கு இந்தப் பக்கம், ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. சுடுவதற்கு ஆள் இல்லாத காலம். குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது, மதகு கட்டுவது, சனத்தின் முறைப்பாட்டைக் கேட்பது என்று வேலை மாறிப்போயிருந்தது. அறுபது பேர் இருந்த காம்பில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். மேஜருக்கும் சனத்துக்கும் நடுவில் ஒரு கதிரை போடுவார்கள். அதில் நான் இருப்பேன். இரண்டு பக்கமும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கதிரையில் இருக்கும்போது என் முதுகு தானாக நிமிரும்.

அப்போதுதான் றொகான் வந்தான். கற்பிட்டிக் கரையில் கருவாடு போடுகிற யூஜீனியா என்பவளின் மகன். வேதக்காரப் பொடியன். வயது இருபத்திரண்டு. தாயின் தங்கச்சி வீட்டில் நின்று சிலாபத்தில் சிங்களத்தில் படித்தவன். அவன் சிங்களம் கதைத்தால் சிங்களவன், தமிழ் கதைத்தால் தமிழன். நானோ பரேட்டில் வாங்கிய ஏச்சிலிருந்து சிங்களம் படித்தவன். இருபது வருஷம் கதைத்தும் என் சிங்களத்தில் மன்னார் மணக்கும் என்று சிரிப்பார்கள்.

அவன் வந்து இரண்டாவது மாதம் வெங்காயத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எங்கள் லொறி அவர்களின் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டது. நான் அன்று லீவில் நின்றேன். வந்து கேட்டால், எல்லாரும் தேத்தண்ணி குடித்துச் சிரித்துவிட்டுப் போனார்களாம். றொகான் அவர்களின் பகிடியை அப்படியே மேஜருக்குச் சொல்ல அவர் சிரிக்க, மேஜரின் பகிடியை அவன் திருப்பிச் சொல்ல அவர்கள் சிரிக்க, குழாய்க் கதையே மறந்துபோயிற்று. இதற்கு முந்தின காம்புகளையும் சேர்த்து ஒன்பது வருஷம் நான் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறேன். என் வாயால் போன எந்தக் கதைக்கும் ஒருவரும் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் வாசலில் நின்று, "அந்தத் தம்பி நிக்கிறாரா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் தமிழில் 'என்ன விஷயம்' என்று கேட்டாலும், "இல்ல சார்ஜன், அவர் வரட்டும், காத்திருக்கம்" என்பார்கள். தென்னைக்குக் கீழே குந்தியிருந்து காத்திருப்பார்கள். அதைப் பார்க்கிறபோது எனக்கு அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருக்கும். அவனோ பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வருவான்.

ஒருநாள் பரேட்டில் அவனுக்கு முன்னால் போய் நின்று, பொத்தான் எங்கே என்று கேட்டேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "சொறி நானா, மறந்து போச்சு" என்றான். வரிசையில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். பின்வரிசையில் எவனோ ஒருத்தன் மெல்ல 'நானா' என்று திருப்பிச் சொன்னான். பதினைந்து வருஷம் பாடுபட்டு நான் புதைத்த பெயரை ஒரு நொடியில் தோண்டி எடுத்துவிட்டான். அவன் பழகிய கரையில் எங்கள் ஆட்களை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காது கொதித்தது. அன்று வெயிலில் அவனைத் தோட்டத்தைச் சுற்றி இருபது தரம் ஓட விட்டேன். ஓடி முடித்து வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்டான். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கீழே உள்ளவன் மரியாதை தப்பினால் எப்படி நடத்த வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பு வைத்துப் படிப்பித்திருக்கிறார்கள். முதல் தரம் தனியே கூப்பிட்டு இருத்தி, என்ன காரணம் என்று கேட்க வேண்டும். இரண்டாம் தரம் தண்டனை வேலை கொடுக்க வேண்டும். மூன்றாம் தரம்தான் குற்றப் பத்திரம் எழுத வேண்டும். நான் முதல் படியை மிதிக்கவே இல்லை. தனியே கூப்பிட்டு இருத்திக் கதைத்தால் எனக்கும் அவனைப் பிடித்துப்போய்விடுமோ என்று பயம்.

எனக்கு அந்த நாட்களில் ஒரேயொரு ஆறுதல் மீன். வியாழக்கிழமை பின்நேரம் எனக்குப் பாஸ் கிடைக்கும். வீட்டுக்குப் போய் வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துத்தான் திரும்புவேன். பள்ளிவாசல்துறைக்குப் பக்கத்தில், எங்களைப் போல வந்தவர்களுக்குக் கொடுத்த காணியில்தான் என் வீடு. வெள்ளிக்கிழமை அங்கே வலை போடமாட்டார்கள் என்பதால் வியாழக்கிழமை கரைவலை பெரிதாக இழுபடும். கார்த்திகை மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும், நான் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது, ஈர்க்கில் கோத்த மீன் குசினியில் தொங்கும். வலைக்கார ஆள் ஒருத்தன் சைக்கிளில் வந்து, "சார்ஜன்ட பங்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறானாம். என் மனைவி நஃபீஸாதான் சொன்னாள்.

சார்ஜனின் பங்கு. அந்த இரண்டு சொல்லும் எனக்குக் காது குளிரக் கேட்கும். காம்பில் எவன் பின்னால் போனாலும், கடற்கரைச் சனத்துக்கு நன்றி இருக்கிறது, தங்களுக்காக வாய் திறந்தவன் யார் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். விளைமீனோ சூடைமீனோ, நஃபீஸா புளி கரைத்து ஆணம் காய்ச்சி வைப்பாள். நான் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி மெதுவாகத் தின்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாசி மாதம் மேஜர் என்னைக் கூப்பிட்டார். புத்தளத்துப் பெரிய காம்பில் நிரந்தரமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். போகிறவருக்கு ஒரு படி உயர்வு. எனக்கு அடுத்த வருஷத்தோடு இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. உயர்வு கிடைத்தால் இன்னும் கொஞ்சக் காலம் சேவையில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். உடுப்பைக் கழற்றினால் நான் யார்? வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்னொரு அகதி. மேஜர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. ஒரு பெயர்தான் அனுப்ப முடியும், உன் பெயரா றொகானின் பெயரா என்று யோசிக்கிறேன், அவனுடைய பாஷை உன்னுடையதைவிட நல்லது, ஆனால் நீ மூத்தவன் என்றார். இரண்டு பேரின் ஒழுக்கப் புத்தகமும் சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

வெளியே வந்தபோது என் தலைக்குள் ஒரேயொரு வசனம்தான் சுற்றியது. இரண்டு புத்தகமும் சுத்தமாக இருக்கிறது.

பிறகு நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பவுசர் ஓட்டுகிற ஜயந்த ஒருநாள் சோறு தின்னும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டான். வியாழக்கிழமைகளில் பவுசர் பள்ளிவாசல்துறைக்குப் போகும். துணைக்குப் போகிறவன் றொகான். சனம் தண்ணீர் நிரப்புகிற நேரத்தில் அவன் கடற்கரைக்கு இறங்கிப் போய்க் கரைவலைக் கயிறு இழுக்கிறானாம். நல்லாய் இழுப்பான் என்று ஜயந்த பெருமையாகச் சொன்னான். எனக்குச் சோறு இனித்தது.

கரைவலையில் கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. வழிப்போக்கன் இழுத்தாலும் ஒரு கூறு மீன் வைப்பார்கள். அதுதான் அந்தக் கரையின் வழமை. அப்படியென்றால் கடமை நேரத்தில், உடுப்போடு, சனத்திடமிருந்து மீன் வாங்குகிறான். பொத்தானுக்கும் தொப்பிக்கும் ஏச்சோடு போய்விடும். இது புத்தகத்தில் ஏறுகிற குற்றம்.

அடுத்த வியாழன் மத்தியானமே பாஸ் எடுத்துக்கொண்டு போய் வலைக்காரரின் வாடிக்குப் பின்னால் நின்றேன். நாற்பத்தொரு வயதில் ஓலைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றேன். வலை கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. முப்பது பேர் இரண்டு கயிற்றிலும். நடுவில் அவன். களிசானை முழங்காலுக்கு மேலே சுருட்டி, சப்பாத்து இரண்டையும் நாடாவால் முடிந்து கழுத்தில் போட்டு, தொப்பியை ஒரு துடுப்பில் மாட்டிவிட்டு, கயிறு இழுக்கிற அம்பாப் பாட்டுப் பாடுகிறவர்களோடு சேர்ந்து பாடிப் பாடி இழுக்கிறான். சேட் பொத்தான் ஒன்றுகூடப் பூட்டியில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் எதையோ சொல்ல எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவனை ஆமிக்காரன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. என்னை அந்தக் கரையில் ஒருவரும் அப்படிச் சேர்த்ததில்லை. நான் போனால் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள்.

வலை ஏறியது. மணலில் மீனைக் கூறு கூறாக வைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கூறுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவரை நின்றிருந்தால் எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். என் கோபத்துக்குக் கால்மணி நேரப் பொறுமை இல்லை. நேரே போய் அவனுக்கு முன்னால் நின்று, சிங்களத்தில், எல்லாரும் பார்த்திருக்க, நேராக நில் என்று கத்தினேன். ஈரக் காலோடு நேராக நின்றான். சிரிப்பு போய்விட்டது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. எத்தனை கிழமை, எவ்வளவு மீன் என்று கேட்டேன். அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னான்.

"நானா, இங்க வேணாம். காம்புல போய்க் கதைப்பம்."

எனக்கு உத்தரவு போடுகிறாயா என்று கேட்டேன். அவனுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பவுசரில் ஏற்றினேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சாஹுல் ஹமீது, "சார்ஜன், ஒரு நிமிசம்" என்று பின்னால் வந்தார். நான் திரும்பவில்லை.

காம்பில் அவனை ஒப்படைத்து, குற்றப் பத்திரம் எழுதினேன். கடமையை விட்டுப் போனது, உடுப்பு ஒழுங்கு மீறியது, சனத்திடமிருந்து மீன் பெற்றது, மூத்தவருக்கு மரியாதைக் குறைவாகப் பதில் சொன்னது. நான்கும் அழகான கையெழுத்தில். எழுதி முடித்து மஃரிப் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். குசினியில் மீன் தொங்கியது. அன்று பாரை. கையளவு தடிப்பான பாரை. வயிறு முட்டத் தின்றேன். நஃபீஸா சாப்பிடவில்லை. தலையிடி என்றாள்.

திங்கட்கிழமை விசாரணை. மேஜரின் அறையில் றொகான் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் நேராக நின்றான். சேட் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தது. நான் பத்திரத்தை வாசித்தேன். அந்த நேரம் வாசல் காவல்காரன் வந்து, கடற்கரையிலிருந்து ஒரு கிழவர் வந்திருக்கிறார், இந்தப் பொடியனைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம் என்றான். மேஜர் உள்ளே விடச் சொன்னார்.

சம்மாட்டி சாஹுல் ஹமீது வந்தார். மன்னாரிலிருந்து வந்தவர். சிங்களத்தில் நல்லது என்பதற்குச் சொல்கிற 'ஹொந்தை'யைத் தவிர எதுவும் தெரியாது. குற்றஞ் சாட்டப்பட்டவன் மொழிபெயர்க்க முடியாது என்பதால், மேஜர் என்னைப் பார்த்து, நீயே சொல் என்றார். வழமைபோல நடுவில் கதிரையைப் போட்டார்கள். நான் இருந்தேன். குற்றஞ் சாட்டினவனும் நான்தான், வாயும் நான்தான்.

சம்மாட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இந்தப் பொடியன் எங்கட வலையால ஒரு நெத்தலி எடுத்ததில்ல, சார்ஜன். கயித்துல கை வெக்கக்குள்ள 'இது மக்பூல் நானாக்கு' எண்டு சொல்லித்தான் புடிப்பான். நோயாளி ஊட்டுக்கும் மவுத்தான ஊட்டுக்கும் நாங்க அப்பிடிப் பேர் சொல்லி இழுக்கிறதுதான். உசிரோட நடந்து திரியிற மனிசனுக்கு என்னத்துக்குடா எண்டு கேட்டன். அவருக்கு இந்தக் கரையில ஒருத்தரும் ஒரு மீன் குடுக்கிறதில்ல, அது எனக்கு வெக்கமா இரிக்கி எண்டான்."

என் வாயைப் பார்த்துக்கொண்டு மேஜர் காத்திருந்தார். நான் கையைக் காட்டி, முடியட்டும் என்றேன். சம்மாட்டி நிறுத்தவில்லை.

"இவன்ட தகப்பன் இன்னாசித்தம்பியை ரெண்டாயிரத்தி எட்டுல செக்பொயிண்டுல புடிச்சு வெச்சாங்க. சிங்களம் தெரியாத மனிசன். நீங்கதான் அவர் சொன்னதை ஒரு சொல்லு விடாமச் சொன்னீங்களாம். அதால ஊட்டுக்கு வந்தாராம். கண் மூடுற வரைக்கும் உங்கட பேரைச் சொன்னாராம். அதுக்குத்தான் இவன் இழுக்கிறான். நீங்க தின்ட மீனெல்லாம் இவன் இழுத்தது."

இன்னாசித்தம்பி. எனக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. அந்த வருஷம் எத்தனை பேருக்காகவோ கதைத்தேன். ஈர்க்கில் தொங்கிய விளையும் சூடையும் பாரையும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை. நோயாளி வீடும் சாவு வீடும் என் வீடும். கடற்கரை எனக்கு வைத்த மரியாதை என்று நினைத்துத் தின்றதெல்லாம் இவன் பிச்சையாக வாங்கித் தந்தது. நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இதிலும் என்னைவிட இவன் பெரியவனாகிவிட்டானா? என்னிடமிருந்த கடைசிப் பெருமையும் இவன் கையால் வந்ததா?

மேஜர், என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான் சொன்னேன். இந்தச் சிப்பாய் கார்த்திகை மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் தங்கள் வலையை இழுத்ததாக இவர் ஒத்துக்கொள்கிறார். இழுத்த ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு பங்கு மீன் வைத்ததாகவும் சொல்கிறார். நல்ல பிள்ளை, மன்னிக்கும்படி கேட்கிறார்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்று வரைக்கும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சம்மாட்டி என்னையும் மேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இவ்வளவு நேரம் கதைச்சன். சிங்களத்துல இவ்வளவு கட்டையாவா வரும்?" என்று கேட்டார். "என்ட கதை முழுசாப் போச்சா சார்ஜன்?"

"போச்சு" என்றேன்.

மேஜர் றொகானைப் பார்த்து, நீ ஏதும் சொல்ல வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் தமிழையும் கேட்டான், என் சிங்களத்தையும் கேட்டான். நடுவில் நான் எதை விழுங்கினேன் என்று சொல்லுச் சொல்லாகத் தெரிந்தவன் அவன் ஒருவன். வாயைத் திறந்தால் என் இருபத்தொரு வருஷமும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அவன் என்னைப் பார்த்தான். நீட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் இல்லை சேர் என்றான்.

பதினான்கு நாள் காம்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று தீர்ப்பு. புத்தகத்தில் சிவப்பு மையால் ஏறியது. அந்தக் கிழமையே மேஜர் என் பெயரைப் புத்தளத்துக்கு அனுப்பினார். பங்குனி முதலாம் கிழமை கடிதம் வந்தது. நான் போகிறேன், ஒரு படி உயர்வோடு. எல்லாரும் கை கொடுத்தார்கள். றொகானும் வந்து கை கொடுத்தான்.

நான் நினைத்தது எல்லாம் நடந்தது. ஆனால் என் எரிச்சல் போகவில்லை. அந்த நாளிலிருந்து அவனுடைய உடுப்பில் ஒரு குறையும் இல்லை. கழுத்து வரைக்கும் பொத்தான். தலையில் தொப்பி, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, சட்டத்தில் உள்ளபடி. சப்பாத்தில் முகம் பார்க்கலாம். பரேட்டில் அவனுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று, மேலிருந்து கீழே தேடுவேன். கிடைக்காது. கேட்டதற்குப் பதில் சொல்வான். "ஓம் சார்ஜன்." "இல்ல சார்ஜன்." நானா என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் போல இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை அவன் அண்ணன், மச்சான் என்று கூப்பிடும்போது எனக்குப் புது எரிச்சல் வந்தது. சிலாபத்துச் சமையற்காரனைக்கூட அவன் மச்சான் என்றான்.

மீனும் நின்றுபோயிற்று. முதல் வியாழன் போனபோது குசினியில் ஈர்க்கு இல்லை. நஃபீஸா கத்தரிக்காய் சமைத்திருந்தாள். இரண்டாவது வியாழன் பருப்பு. அவனுடைய தண்டனை நாள் முடிந்தது. பவுசரில் போக அவனே வேண்டாம் என்றுவிட்டான் என்று ஜயந்த சொன்னான். மூன்றாவது வியாழனும் மீன் இல்லாமல் வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. இனி இந்த வீட்டில் சார்ஜனுக்கு ஒரு பங்கும் வராது என்று நஃபீஸாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். என்ன நடந்தது என்று அவள் கேட்டால் எதைச் சொல்ல?

கற்பிட்டிச் சந்தைக்குப் போனேன். நல்ல விளைமீன் ஆறு வாங்கினேன். வரும் வழியில் ஒரு தென்னைக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, ஓலையிலிருந்து ஈர்க்கு உருவி, வலைக்காரர் கோக்கிறமாதிரியே செவுளுக்குள் விட்டுக் கோத்தேன். கொஞ்சம் மணலும் பூசினேன். ஆமிக்காரன் ஒருவன் மீனுக்கு மணல் பூசிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய், "இந்தா, இண்டைக்குப் பங்கு என்ட கையிலயே தந்தாங்க" என்று கொடுத்தேன்.

நஃபீஸா வாங்கினாள். சட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை விரலால் அமத்திப் பார்த்தாள். மன்னாரில் மீன்காரர் வீட்டில் பிறந்தவளிடம் நான் மணல் பூசின மீனைக் கொண்டுபோயிருக்கிறேன்.

"இது ஐஸ் மீன்" என்றாள்.

கலந்து வந்திருக்கும் என்றேன். இன்று வலையில் குறைவு என்றேன். இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"றொகான்ட தாய் யூஜீனியா மொத மாசமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனா. உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு அந்தப் பொடியன் கேட்டானாம். சார்ஜன் ரோசக்காரர், தெரிஞ்சா மீனத் தூக்கி எறிஞ்சிருவாரு எண்டு. நீங்க சந்தோசமாத் தின்டீங்க. அதனால நானும் வாயப் பொத்திட்டு இருந்தன்."

அப்படியென்றால் பாரை தின்ற அன்றைக்கும் அவளுக்குத் தெரியும். நான் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைக் கரையே பார்த்தது, அந்தச் செய்தி சைக்கிளில் மீன் கொண்டுவந்த ஆளோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்திருக்கும். அந்த ஊரில் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"சம்மாட்டி காம்புல போய் எல்லாத்தையும் சொன்னாராமே" என்று கேட்டாள். "உங்கள்ட்டத்தான் சொன்னாராம். பொறகும் என்னத்துக்கு அவனுக்குத் தண்டன?"

நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். அவள் திரும்பி மீனைக் கழுவினாள். மணல் போகப் போக நான்கு தண்ணீர் விட்டுக் கழுவினாள். செதில் சீவி, புளி கரைத்து, ஒரு குறையும் வைக்காமல் ஆணம் காய்ச்சினாள். பாயை விரித்து, கோப்பையில் சோறு போட்டு, ஆறு மீனையும் எனக்கு முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள். "இதுதான் உங்கட பங்கு."

அவள் சாப்பிடவில்லை. இந்தத் தரம் தலையிடி என்று சொல்லவும் இல்லை.